ஹீமோகுளோபின் 16.4

ராத்திரி ஒன்றரை மணிக்கு லேபிலிருந்து இன்டர்காம் அடித்தால் அநேகமாக நல்ல சேதியாக இருக்காது. அன்றைக்கு அடித்தபோது லேப் தம்பியின் குரலில் பதற்றம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

"சார், மூணாவது பெட்டுக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுத்து அனுப்புறீங்களா? சாம்பிள் மாறிடுச்சுன்னு நினைக்கிறேன். பொம்பளைன்னு எழுதியிருக்கு, ஹெச்பி 16.4 காட்டுது."

அவனைக் குறை சொல்ல முடியாது. தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்குப்படியே இந்த நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. எங்கள் கேஷுவால்டிக்கு வரும் பெண்களிடம் 8, 9 என்று பார்த்துப் பழகிய கண் அவனுடையது. 11 இருந்தாலே "பரவாயில்லையே" என்போம். 16.4 எல்லாம் நெல் மூட்டை தூக்கும் லோடுமேன்களுக்கு வருகிற எண்.

மூணாவது பெட்டில் இருந்தது கல்யாணமாகி ஆறு வருஷமான ஒரு பெண். (ஊர், வயது, அடையாளம் எல்லாம் மாற்றியிருக்கிறேன்; தேடாதீர்கள்.) இரண்டு நாளாக வயிற்றுவலி, உப்புசம், வாந்தி. சாயங்காலம் பக்கத்து ஊர் கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நம்மூரில் நெஞ்சுவலி, முதுகுவலி, மூச்சுமுட்டல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் கேஸ்தானே. படுக்க முடியாமல் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கார் பிடித்து வந்துவிட்டார்கள். கூடக் கணவரும் மாமியாரும்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சுகர், பிரஷர்? இல்லை. ஆபரேஷன்? இல்லை. வேறு ஏதாவது மாத்திரை, ட்ரீட்மெண்ட்? அந்தப் பெண் கணவரைப் பார்த்தாள். கணவர் சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் முறை படத்தைப் பார்த்தார். மாமியார்தான் பதில் சொன்னார்.

"ஒண்ணும் கிடையாது தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு புள்ள. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தாங்க. அங்க சாப்பிட்டது ஒத்துக்கல போலருக்கு."

வயிற்றைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், நைட்டிக்கு மேலேயே கையை வைத்து அமுக்கினேன். எங்களைப் போன்ற ஆண் டாக்டர்களில் பல பேருக்கு இருக்கிற கெட்ட பழக்கம் இது. மரியாதை என்று நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். எங்கள் நைட் சிஸ்டர் அப்படி இல்லை. திரையை இழுத்துவிட்டு, நைட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து என் காதருகே சொன்னார்: "சார், தொப்புளுக்குக் கீழ பொட்டுப் பொட்டா ஊசித் தடம். சுகர் இல்லேங்கிறாங்க."

அந்த நேரத்தில்தான் இன்டர்காம் அடித்தது.

சிஸ்டர் ஒரு சீட்டில் பஞ்சு, சலைன் செட் என்று நாலு சாமான் எழுதி மாமியார் கையில் கொடுத்து ஃபார்மசிக்கு அனுப்பினார். எல்லாம் எங்கள் அலமாரியிலேயே இருந்த சாமான்கள். அவர் தலை மறைந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்: "குழந்தைக்கு ட்ரீட்மெண்ட் எடுக்கிறியாம்மா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். "அத்தைக்குத் தெரியாதுக்கா."

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம், கல்யாணமே இல்லை. இரண்டரை மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு நகரத்து ஐவிஎஃப் சென்டரில் மயக்கம் கொடுத்து முட்டை எடுத்திருக்கிறார்கள். 21 முட்டை. "நிறைய வந்திருக்கு, ரொம்ப நல்ல ரிசல்ட்னு சொன்னாங்க" என்றார் கணவர், அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக.

ஸ்கேன் மெஷினை இழுத்து வந்து வயிற்றில் வைத்தேன். சினைப்பை சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு 3 சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். இவளுக்கு இரண்டு பக்கமும் 11. உள்ளே வட்ட வட்டமாகக் கறுப்புக் கட்டங்கள், திராட்சைக் குலை மாதிரி. அதைச் சுற்றி, ஈரலுக்கு அடியில், குடலுக்கு இடையில், எங்கே வைத்தாலும் தண்ணீர். வலது நெஞ்சிலும் கொஞ்சம்.

இதற்கு ஓஹெச்எஸ்எஸ் என்று பெயர். சினைப்பை மிகையாகத் தூண்டப்படுவதால் வருவது. எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

இயற்கையில் மாதத்துக்கு ஒரு முட்டை முதிரும். ஐவிஎஃபில் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி போட்டுப் பத்து, பதினைந்து என்று ஒரே நேரத்தில் வளர்க்கிறார்கள். கடைசியில் ட்ரிகர் என்று ஒரு ஊசி. பெரும்பாலும் ஹெச்சிஜி என்கிற ஹார்மோன். அது போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். முட்டை போனாலும் அது இருந்த பைகள் போவதில்லை. ஹெச்சிஜி உடம்பில் இருக்கும்வரை அந்தப் பைகள் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். ரத்தக்குழாய்ச் சுவர்களை இளக்கிவிடும் ஒரு பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். குழாய் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போய்த் தேங்கும். குழாய்க்குள் மிச்சம் நிற்பது கெட்டிக் குழம்பு. அதுதான் அந்த 16.4. அவளுக்கு ரத்தம் ஊறவில்லை, தண்ணீர் வற்றியிருந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டினால் தீவிரம், 55-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து என்பது பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வரையறை. இவளுக்கு 49.

வயிறு முட்டி நிற்பது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும். கெட்டியான ரத்தம் உறைவதும், சிறுநீரகம் தண்ணீர் இல்லாமல் காய்வதும் தெரியாது. ஆளைக் கொல்லக் கூடியவை இந்த இரண்டும்தான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஹவுஸ் சர்ஜன் முடித்த புதிதில், வேறொரு ஊரில், வேறொரு நைட் டியூட்டியில், இதே மாதிரி ஒரு பெண். வயிறு வீக்கம், மூச்சிரைப்பு, யூரின் கம்மி. நான் என்ன செய்தேன்? தண்ணீர் கோத்திருக்கிறது, இறக்க வேண்டும் என்று லேசிக்ஸ் போட்டேன். யூரின் கூடவில்லை. இன்னொன்றும் போட்டேன். பொழுது விடிந்து ரவுண்ட்ஸ் வந்த சீனியர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசு குடும்பத்துக்காரர் அவர். திட்டுவதும் வயல் கணக்கில்தான் இருக்கும்.

"ஏம்ப்பா, கிணறு வத்திக் கிடக்கு, தண்ணி பூரா வயல்ல நிக்குது. நீ கிணத்துல மோட்டாரப் போட்டு இறைக்கிற?"

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். என்னால் அல்ல. மோட்டார் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் அந்த வராந்தா ஞாபகம் வரும்.

அந்தத் தப்பு எப்படி நடந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்கு அறிவு பற்றவில்லை என்பது ஒன்று. இன்னொன்று, அவருடைய கேஸ் ஷீட்டில் ஐவிஎஃப் என்ற சொல்லே கிடையாது. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தச் சிகிச்சையின் சிக்கல்கள் பெரும்பாலும் சிகிச்சை தரும் ஏ.சி. ரூமில் நடப்பதில்லை. மூன்று நாள், ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம் கழித்து, ராத்திரியில், வேறு ஊரில், விவரம் தெரியாத ஒரு டியூட்டி டாக்டர் முன்னால்தான் வந்து நிற்கின்றன. அந்த டாக்டருக்குத் தேவைப்படும் ஒரே தகவலைத்தான் வீடே சேர்ந்து மறைத்து வைத்திருக்கிறது.

மறைப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிற ஊர் இது. ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னால் அடுத்த மாதமே "என்னாச்சு, நின்னுச்சா?" என்று கேட்பார்கள். கவுண்ட் பிரச்சினை கணவருக்கு இருந்தாலும் ஊசி மனைவிக்குத்தான், பேச்சும் மனைவிக்குத்தான். வாயைத் திறக்காமல் இருப்பது அவர்களுக்கு நிம்மதி. எங்களுக்குத்தான் இருட்டில் தடவ வேண்டியிருக்கிறது.

அன்றைய இரவுக்குத் திரும்புகிறேன். கணவரின் போனிலிருந்து அந்தச் சென்டருக்குப் போட்டேன். மூன்றாவது தடவையில் ஒரு பெண் எடுத்தார். "மேடம் காலையில 9 மணிக்குத்தான் சார் வருவாங்க. அப்பாயின்ட்மென்ட் போடவா?" அவசரம் என்று விளக்கியதும், டாக்டரிடம் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறேன் என்றார். கூப்பிட்டார்கள், காலை ஒன்பதேகாலுக்கு. லட்சக்கணக்கில் வாங்குகிற இடத்தில் ராத்திரிக்கு ஒரு டாக்டர் போன் எடுக்க ஏற்பாடு இல்லை என்பதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

ஃபைல் வீட்டில் பீரோவில், புடவைக்கு அடியில். கணவரின் நண்பர் யாரோ பூட்டைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பினார். பிசிஓடி உள்ள பெண். ஏஎம்ஹெச் அளவு அதிகம். ட்ரிகர் அன்றைக்கு ஸ்கேனில் எண்ணிய முட்டைக் கொப்புளங்கள் இருபதுக்கு மேல். ஓஹெச்எஸ்எஸ் வரக் கூடியவர்களுக்குப் புத்தகம் சொல்கிற அடையாளம் அத்தனையும் இருக்கிறது. அவளுக்கு முழு டோஸ் ஹெச்சிஜிதான் ட்ரிகராகப் போயிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆன்டகனிஸ்ட் முறையில் ஊசி போட்டு, ஹெச்சிஜிக்குப் பதிலாக வேறு வகை ட்ரிகர் கொடுத்து, கருவை உடனே வைக்காமல் ஃப்ரீஸ் செய்துவிட்டால் தீவிர ஓஹெச்எஸ்எஸ் மிக மிக அரிது. புது விஷயமும் அல்ல, பல வருஷமாக எல்லாரும் செய்வதுதான். இங்கே ஃப்ரீஸ் மட்டும் செய்திருந்தார்கள். ட்ரிகர் ஏன் அப்படி என்று கேட்க நான் அந்தத் துறைக்காரன் இல்லை. ஆனாலும் காலை ஒன்பதேகால் போனில் கேட்டேன். "முட்டை மெச்சூரிட்டி நல்லா வரணும்ல டாக்டர்" என்றார்கள்.

ஃப்ரீஸ் செய்ததும் ஒரு விதத்தில் அவள் அதிர்ஷ்டம்தான். உடனே கருவை வைத்து அது தங்கிவிட்டால், கருவே ஹெச்சிஜி சுரக்க ஆரம்பிக்கும். அடங்க வேண்டிய நோய் பத்துப் பன்னிரண்டாம் நாளில் மறுபடி எழும், முன்னைவிட மூர்க்கமாக. ஆறு வருஷமாகக் காத்திருந்த பாசிட்டிவ் ரிப்போர்ட்டும் ஐசியூ படுக்கையும் ஒரே வாரத்தில் வரும்.

ஹெச்சிஜி பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரிகர் ஊசி உடம்பில் பத்துப் பதினாலு நாள் வரை தங்கும். அதற்குள் கேஷுவால்டியில் யூரின் கார்டு போட்டால் இரண்டு கோடு வரும். ஊசியைப் பற்றித் தெரியாத டாக்டர் "வயிற்றுவலி, கர்ப்பம் பாசிட்டிவ், வயிற்றில் திரவம், கருக்குழாய் வெடித்துவிட்டது" என்று தியேட்டரைத் திறக்கச் சொல்லலாம். முட்டை எடுத்த ஊசி ரத்தக்குழாயில் பட்டு உள்ளுக்குள் ரத்தம் கசிவதும் உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். அப்போது ஹெச்பி இறங்கும், இங்கே ஏறும். சில சமயம் அந்த ஒரே எண்தான் வித்தியாசத்தைக் காட்டிக் கொடுக்கும்.

அதே சமயம் கருக்குழாயில் கரு தங்குவது ஐவிஎஃபில் நிஜமாகவே நடக்கும். கருப்பைக்குள்தானே வைக்கிறார்கள், அது எப்படிக் குழாய்க்குப் போகும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். போகும். லூயிஸ் பிரவுன் 1978-ல் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1976-ல், ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் அறிவித்த ஐவிஎஃப் கர்ப்பம் கருக்குழாயில்தான் தங்கியது. அதைவிட ஏமாற்று வேலை, ஒரு கரு உள்ளேயும் இன்னொன்று குழாயிலும் ஒரே நேரத்தில் தங்குவது. இயற்கையாக 30,000 கர்ப்பத்தில் ஒன்று என்பார்கள். இரண்டு கரு வைக்கிற ஐவிஎஃபில் அவ்வளவு அபூர்வம் இல்லை. நாங்கள் படிக்கும்போது ஸ்கேனில் கருப்பைக்குள் பை தெரிந்துவிட்டால் குழாய்க் கர்ப்பத்தை மறந்துவிடலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஐவிஎஃப் செய்துகொண்டவரிடம் அந்தப் பாடம் செல்லாது.

இன்னொரு கேஸ், அப்பெண்டிக்ஸ் என்று எழுதி வந்தது. வலது அடிவயிற்றில் திடீரென்று சுருட்டிப் பிடித்த வலி, வாந்தி. ஐவிஎஃப் ஊசியால் வீங்கிய சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டிருந்தது. இதில் டாப்ளர் ஸ்கேன் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று காட்டினாலும் நம்பக் கூடாது. சினைப்பைக்கு இரண்டு பக்கத்திலிருந்து ரத்தம் வரும், ஒன்று அடைபட்டாலும் இன்னொன்று கொஞ்ச நேரம் ஓடும். எங்கள் மகப்பேறு மேடம் உள்ளே கேமரா விட்டபோது சினைப்பை நாவல்பழ நிறத்தில் இருந்தது. எடுத்துவிடலாமா என்று அனஸ்தீசியா டாக்டர் கேட்டார். மேடம் எடுக்கவில்லை. முறுக்கைப் பிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதே, அது பிழைக்கும் என்றார். இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் முட்டைக் கொப்புளம் தெரிந்தது.

கழுத்து வலி என்று யாராவது வந்தால் "சுளுக்கு, தலைகாணி மாத்துங்க" என்போம் இல்லையா? ஓஹெச்எஸ்எஸ் வந்து தேறிப்போன பெண்ணுக்குச் சில வாரம் கழித்துக்கூடக் கழுத்து ரத்தக்குழாயிலோ கை ரத்தக்குழாயிலோ ரத்தம் உறையலாம். வேறு காரணங்களால் உறைவது பெரும்பாலும் காலில்தான். வயிறு வற்றிவிட்டது, வீட்டுக்குப் போயாயிற்று என்று எல்லாரும் மறந்த பிறகு வருவதால் யாரும் இரண்டையும் சேர்த்து யோசிப்பதில்லை.

இவர்களுக்காவது பீரோவில் ஒரு ஃபைல் இருக்கிறது. முட்டை தானம் கொடுக்கிற பெண்ணுக்கு அதுவும் இல்லை. 2021-ல் வந்த சட்டப்படி தானம் தருபவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு தடவைதான் தரலாம், 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அடுத்த வருஷமே, 2022-ல், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதார் காட்டிப் பல தடவை முட்டை எடுக்க அனுப்பிய வழக்கு வெளியே வந்தது. அந்தச் சிறுமி ஒரு ராத்திரி வயிறு வீங்கி எங்கள் மாதிரி ஒரு கேஷுவால்டிக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? கல்யாணமாகாத பெண் என்றால் நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டோம். தானம் கொடுத்து வந்த பெண் யாரையும் இதுவரை பார்த்ததில்லை என்று எழுத வந்தேன். பார்த்திருப்பேன், தெரிந்திருக்காது.

சிகிச்சையில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், ஃபைலின் முக்கியப் பக்கங்களைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் கணவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். என்ன ட்ரிகர், எந்தத் தேதி, எத்தனை முட்டை, கரு வைத்தார்களா, எத்தனை: இவ்வளவு போதும் எங்களுக்கு. ராத்திரி யார் போன் எடுப்பார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், ஒருமுறை ராத்திரி பத்து மணிக்குப் போட்டும் பாருங்கள். முட்டை எடுத்த பிறகு தினமும் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், யூரின் குறைந்தால், படுத்தால் மூச்சு முட்டினால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். வலிக்கு வீட்டில் கிடக்கிற டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். உப்புசம்தானே என்று யாரையும் வயிற்றை அமுக்கி நீவிவிடவும் விடாதீர்கள். உள்ளே இருப்பது தண்ணீர் ஏறிய பலூன்.

மூணாவது பெட் பெண்ணை மகப்பேறு மேடம் வந்து பார்த்து எடுத்துக்கொண்டார். அளந்து சலைன், அல்புமின், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஹெப்பாரின், யூரினுக்குக் குழாய். மறுநாள் ஸ்கேன் பார்த்தபடி ஊசி விட்டு இரண்டு லிட்டர் வடித்தார்கள். பாட்டிலில் இறங்கிய தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் சாய்ந்து படுத்தாள்.

மாமியாரிடம் யார் சொல்வது என்று கணவர் தவித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலை, வார்டு வாசலில் சிஸ்டரிடம் அந்த அம்மாவே பேச்சை எடுத்தார். நான் பக்கத்தில் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஃப்ரிட்ஜுல மாவு எடுக்கப் போனா, கறிவேப்பிலைக் கவருக்குப் பின்னால ஐஸ் பையில ஊசி. எங்க வீட்ல யாருக்கு சுகரு? நான் கேட்டா அதுக்குச் சங்கடம். சரி, நமக்குத் தெரியாத மாதிரியே இருந்துக்கலாம்னு மூடி வச்சுட்டேன்."

"அன்னைக்கு ராத்திரி எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா?"

"அது சொல்லலியே. நான் எப்படிச் சொல்றது?"

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

தினமும் காலையில் வயிற்றின் சுற்றளவை ஒரே இடத்தில் அளக்க வேண்டும். வார்டில் இருந்த டேப் பல நாளாகவே காணாமல் போயிருந்தது. அந்த அம்மா பிளவுஸ் தைக்கிறவர். பையைத் துழாவி முனை நைந்த மஞ்சள் டேப் ஒன்றை எடுத்தார். சிஸ்டர் பேனாவால் போட்டு வைத்திருந்த இரண்டு புள்ளியின் மேல் டேப்பைச் சரியாக வைத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்ப்பார். டிஸ்சார்ஜ் வரை அவர்தான் அளந்தார்.

"இன்னைக்கு முக்கால் இஞ்சு குறைஞ்சிருக்கு தம்பி" என்பார். நான் சென்டிமீட்டருக்கு மாற்றி எழுதிக்கொள்வேன்.